மொட்டை மரமும் பன்னீர்ச் செம்பும்

தண்ணீர் எப்போது விடுவது, பசளை எப்போது போடுவது, இலையை எந்தத் துணியால் துடைப்பது என்பதையெல்லாம் முதலாளி அக்கா உங்களுக்குச் சொல்லித் தருவார். நன்றாகவே சொல்லித் தருவார். எனக்கும் அவர்தான் சொல்லித் தந்தார். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் பற்றி.

சாடி மரங்களை வாடகைக்குக் கொடுத்துப் பராமரிக்கிற நம்முடைய தொழிலில் அதுதான் கடினம். வீட்டுக்குள் நிற்கும் சாடி மரம் ஒன்று வாடிவிட்டால் பார்க்கிற எல்லாருக்கும் கை பரபரக்கும். உங்களுக்கும் பரபரக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் "ஏதாவது செய்யுங்கோ, ஏதாவது செய்யுங்கோ" என்று நெருக்குவார்கள். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு "ஏலாது" என்று சொல்லத் தெரியவேண்டும். அந்தச் சொல் என் வாயில் வருவதற்கு நிறையக் காலம் எடுத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே சங்கடம். இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மண்டபமோ வங்கியோ, பின்வாசலால் போவோம். ஆட்கள் வருவதற்கு முன்னர் மரங்களைப் பார்த்துவிட்டு அதே பின்வாசலால் வெளியே வந்துவிடுவோம். மரம் வடிவாக நின்றால் எங்களை ஒருவரும் நினைப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது இடுப்பு விட்டுவிட்டது, சாடி தூக்க முடிவதில்லை. அதனால்தான் என் இடத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஒரு மருத்துவ நிலையத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன். அங்கே திறப்புவிழா. வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை, மரத்தின் இலைகள் எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருந்தது. "மினுங்குது பாத்தியளோ அண்ணை?" என்று சந்தோசமாகக் கேட்டது. உண்மையிலேயே மினுங்கியது. அடுத்த கிழமை நான் போனபோது றோட்டுப் புழுதி முழுவதும் அந்த இலைகளில் அப்பியிருந்தது. மரத்துக்கு மூச்சு முட்டியது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் வரவில்லை. அது அன்பினால் செய்தது. வீட்டுக்குள் வளரும் மரங்களில் பாதி அன்பினால்தான் சாகின்றன என்பதை நீங்கள் போகப்போகக் கண்டுகொள்வீர்கள்.

இனி மண்டபத்துக் கதை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலியாண மண்டபம். பெயர் வேண்டாம், நீங்கள் போகப்போகிற இடம்தான். அங்கே எங்களுடைய பைக்கஸ் மரம் ஒன்று நின்றது. ஆல் இனம், சின்ன இலை, என்னைவிட உயரம், பெரிய சீமெந்துச் சாடி. வருடம் முழுவதும் பச்சையாக நிற்கிற சாதி. சாப்பாட்டு மண்டபத்தின் வடக்கு யன்னலோடு அது நன்றாகப் பழகியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரும், எந்த நேரம் குறையும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஒவ்வோர் இலையும் அதற்கேற்றபடி முகம் திருப்பி வைத்திருந்தது.

அந்த மண்டபத்துக்கு ஒரு புது மனேஜர் வந்தார். இளம் ஆள். ஓடியாடி வேலை செய்கிறவர், கெட்டவர் இல்லை. முன்வாசலில் வைத்தால் படம் எடுக்க வடிவாக இருக்கும் என்று நினைத்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆட்களைப் பிடித்து மரத்தைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நேர் மேலே ஏசி. அடுத்த முறை நான் போனபோது தரையில் இலைகள் பாய் விரித்ததுபோலக் கிடந்தன.

பைக்கஸ் மரத்தை இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது. கோபம் வந்த பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவதுபோல இலைகளைத் தள்ளிவிடும். பழைய வெளிச்சத்துக்காக விட்ட இலை புது வெளிச்சத்துக்குச் சரிவராது. கொட்டிவிட்டு, ஆறுதலாகப் புது இலை விடும். அந்த ஆறுதலை, அந்த அவகாசத்தை, நாங்கள் கொடுக்கவேண்டும். ஆனால் மண்டபத்தில் எல்லாரும் இரக்கப்பட்டுவிட்டார்கள். கூட்டுகிற அக்கா விடிய ஒரு வாளி தண்ணீர். காவல்கார ஐயா மத்தியானம் ஒரு வாளி. சமையல்காரர் அரிசி கழுவிய தண்ணீர்.

"சத்தெல்லோ அண்ணை. என்ரை முருங்கைக்கு நான் உதுதான் விடுறனான்" என்றார் சமையல்காரர்.

அவருடைய முருங்கை நிலத்தில் நிற்கிறது. விட்ட தண்ணீர் எங்கேயாவது போய்விடும். இது சாடி. மண்ணுக்குள் விரலை விட்டேன், புளித்த மணம் வந்தது. காவல்கார ஐயாவைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சாடியை ஒரு பக்கம் சரித்துப் பிடித்தோம். கீழ்த் துவாரத்தால் கறுப்புத் தண்ணீர் ஓடியது.

"இனி ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது ஐயா."

"தண்ணியும் இல்லையோ? பாவமடா, சாகிற உயிர்."

"சாகேல்லை ஐயா. தண்ணிக்குள்ளை மூழ்கிக்கொண்டு நிக்குது."

இதில் நான் யோசிக்கவேண்டிய விடயம் ஒன்று இருந்தது. மரத்தைத் திரும்ப யன்னலடிக்குக் கொண்டுபோவதா? அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இலை கொட்டி முடிகிற மரம் புது இடத்தை ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் இன்னொரு முறை தூக்கினால் அது முதலிலிருந்து தொடங்கவேண்டும். தொடங்குவதற்கு அதனிடம் பலம் மிச்சம் இருக்குமோ தெரியாது. கண்ணாடிக் கதவால் நல்ல வெளிச்சம் வந்தது. காற்று மட்டும்தான் பிழை. ஏணி வைத்து ஏறி, ஏசியின் தகட்டை மறுபக்கம் திருப்பிவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. மரம் பிழைக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இதில் சொல்ல ஒன்றுமே இல்லை.

மீதி இலைகளும் கொட்டின. மரம் முழு மொட்டையாக நின்றது.

அது ஆனி மாதம், கலியாண காலம். ஒரு பெரிய கலியாணத்துக்கு முதல் நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் ஒரு பிளாஸ்ரிக் மரம் பொலித்தீன் சுற்றியபடி நின்றது. நல்ல பச்சை.

"அண்ணை, உந்த மரத்தைப் பின்னுக்குக் கிணத்தடியிலை கொண்டுபோய் விடுவம். கலியாணம் முடியப் பாப்பம்."

கிணற்றடியில் ஒரு பக்கம் சமையல் கொட்டில் புகை, மறுபக்கம் வெயில். அதோடு சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த மரம், இலையும் இல்லை. ஒரு பகல்கூடத் தாங்காது.

"வேண்டாம் தம்பி. அசைச்சாச் செத்துப்போம்."

"அது செத்துத்தானே அண்ணை நிக்குது?"

அவர் முதலாளி அக்காவுக்குப் போன் எடுத்து என் கையில் தந்தார். அக்காவின் குரலில் அவசரம். "மண்டபக்காரர் சொல்லுறதைச் செய்யும். அவையள் எங்களுக்கு வேணும். ஒரு மரத்துக்காகச் சண்டை பிடிக்காதையும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மண்டபம் கைவிட்டுப் போனால் எனக்கும் வேலை இருக்காது. "ஓம் அக்கா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏலாது அக்கா" என்று வந்தது.

அக்கா போனை வைத்துவிட்டார். மனேஜர் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வந்து கேக்கிற ஆக்களுக்கு ஆர் பதில் சொல்லுறது? நானோ?"

"நான் சொல்லுறன்" என்றேன். எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் மண்டபம் பார்க்க வந்தார்கள். பெண்ணின் தாயும் சித்தப்பாவும். பெண் கைப்பிள்ளையாக இருந்த காலத்திலேயே தகப்பன் இல்லாமல் போய்விட்டார் என்று மனேஜர் முன்னரே சொல்லியிருந்தார். தாய் வெறும் நெற்றியோடு, கரையில்லாத வெளிர் சேலை கட்டியிருந்தார். சித்தப்பா நல்ல மனிதர். அலைந்து அலைந்து அவருடைய சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணனின் மகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற பதற்றம் அவருக்கு.

வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டும் வைக்கிற மேசையைத் தாய் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, நீங்கள் நாளைக்கு உள்ளுக்கை இருங்கோ. வாசலை என்ரை மனிசி பாப்பா" என்றார் சித்தப்பா. மெதுவாகத்தான் சொன்னார்.

தாய் தலையை ஆட்டினார். மேசையிலிருந்து கையை எடுத்தார்.

பிறகுதான் சித்தப்பா மரத்தைக் கண்டார்.

"என்ன இது! பட்ட மரத்தையோ வாசலிலை வைச்சிருக்கிறியள்?"

"அதைத்தான் ஐயா எடுக்கச் சொல்லுறன். இந்த அண்ணை விடுறார் இல்லை" என்றார் மனேஜர்.

"மாப்பிளை வீட்டாற்றை கார் வந்து நிண்டா முதல் கண்ணிலை படுறது இதெல்லோ? முழுவியளம் சரியில்லை எண்டு அதிலையே கதை தொடங்கிடும்."

முழுவியளம் உங்களுக்குத் தெரியும்தானே. நல்ல காரியத்துக்குப் போகும்போது எதிரே முதலில் வருவது. நிறைகுடம் வந்தால் நல்லது. கைம்பெண் வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எனக்குப் பேச வராது. அதனால் கிளையில் நகத்தால் ஒரு கீறுக் கீறிக் காட்டினேன். தோலுக்குக் கீழே ஈரமாக, இளம் பச்சை.

"பட்ட மரம் இல்லை ஐயா. பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். "சரி, உள்ளுக்கை பச்சை இருக்கு. இருந்து என்ன செய்ய? பாக்கிற ஆக்களுக்கு மொட்டை மரம்தானே?"

அவர் சொன்னது உண்மை. மனேஜர் பொலித்தீனைக் கிழிக்கத் தொடங்கினார்.

தாய் கிட்ட வந்து, நான் கீறிய இடத்தில் ஒரு விரலை வைத்தார்.

"திரும்ப இலை விடுமோ அண்ணை?"

"விடும் எண்டுதான் நினைக்கிறன் அம்மா. சத்தியம் பண்ண ஏலாது."

"பின்னுக்குக் கொண்டுபோய் விட்டால்?"

"செத்துப்போம்."

அவர் விரலை எடுக்காமலே சித்தப்பா பக்கம் திரும்பினார். "தம்பி, மரம் நிக்கட்டும்."

"அண்ணி, நாளைக்கு ஆக்கள்..."

"ஆக்கள் வரட்டும். ஆலாத்தியை உம்மடை மனிசி எடுக்கட்டும், அதுக்கு நான் வரேல்லை. பன்னீர்ச் செம்பு என்ரை கையிலைதான் இருக்கும். நான் இந்த மரத்துக்குப் பக்கத்திலை நிக்கிறன்."

"அது முறையில்லை அண்ணி."

"சண்டைக் காலத்திலை பங்கர் பங்கரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினது நான். அப்ப என்ரை முழுவியளத்தை ஒருத்தரும் பாக்கேல்லை."

சித்தப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனேஜர் மட்டும் விடவில்லை.

"இல்லை அம்மா, இந்த மரத்தைப் பாருங்கோ, நல்ல பச்சை. கொழும்பிலையிருந்து எடுப்பிச்சது..."

"அதை நீர் பத்திரமா வைச்சிரும் தம்பி" என்றார் அந்த அம்மா. "உம்மடை கலியாணத்துக்கு உதவும்."

இனி எனக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். பின்வாசலால் போய்வருகிறவன் நான். பதில் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். மறுநாள், என்னிடம் இருந்த நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, முன்வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிறபடி மரத்தோடு நிற்கவேண்டியதாயிற்று. ஒரு பக்கம் நான், நடுவில் மொட்டை மரம், மற்றப் பக்கம் ஒரு கையில் பன்னீர்ச் செம்பும் மறுகையில் தட்டுமாக அந்த அம்மா. எங்கள் மூன்று பேரையும் ஒருவரும் வாசலில் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

பட்டுச்சேலைகள் வரத் தொடங்கின.

"என்ன, மரத்தின்ரை சீவியம் முடிஞ்சுதோ?"

"இல்லை. இலை கொட்டியிருக்கு. திரும்ப விடும்."

"தண்ணி விட்டாலென்ன, பாவம்?"

"விடக்கூடாது."

"மரத்துக்குப் பொலிஸ் காவலோ அண்ணை?" என்று ஒருவர் பகிடி விட்டார். இன்னொருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் ஆர்? மாப்பிளை பக்கமோ, பொம்பிளை பக்கமோ?" என்று கேட்டார்.

"மரத்தின்ரை பக்கம்" என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை, வேறு பதில் வரவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார். அன்று விடிந்ததிலிருந்து அவர் முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு அதுதான்.

எல்லாம் பகிடியாக இருக்கவில்லை. சில பெண்கள் அவருடைய தட்டைக் காணாததுபோலக் கதைத்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருவர் தன் மகளின் கையைப் பிடித்து மறுபக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா தட்டை இறக்கவில்லை. சித்தப்பா உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு முறை கிட்ட வந்து, "இனி நீங்கள் கொஞ்சம் இருங்கோவன் அண்ணி" என்று கதிரையைக் காட்டினார்.

"கால் நோகேல்லைத் தம்பி."

மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ஆலாத்தி எடுத்து முடிந்து மாப்பிள்ளை உள்ளே போனார். அவருக்குப் பின்னால் அவருடைய தாய் வந்தார். பருத்த உடம்பு, கனத்த பட்டு, முகம் முழுவதும் வியர்வை. வாசற்படியில் நின்றுவிட்டார். மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பிறகு செம்போடு நின்ற சம்பந்தியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரு சொல் பிழையாகச் சொன்னால் அந்தக் கலியாணம் முழுவதும் அந்தச் சொல்தான் கதையாக ஓடும். அது எனக்கும் தெரிந்தது, அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த அம்மா செம்பைச் சரித்துப் பன்னீர் தெளித்தார்.

மாப்பிள்ளையின் தாய் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார்.

"சரியான வெக்கை சம்பந்தி. இன்னும் கொஞ்சம் தெளியுங்கோ."

அவர் இன்னும் கொஞ்சம் தெளித்தார். மாப்பிள்ளையின் தாய் தட்டிலிருந்து குங்குமம் தொட்டு வைத்துக்கொண்டு, ஒரு கற்கண்டையும் எடுத்து வாயில் போட்டார். "என்ன மரம் இது?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "கொட்டினது துளிர்க்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டின் முன்னால் நின்றார்கள்.

சனம் குறைந்த பிறகு, செம்பில் மிச்சம் இருந்த பன்னீரை அந்த அம்மா மரத்தடியில் ஊற்றப் போனார்.

"வேண்டாம் அம்மா!" என்று நான் கத்திவிட்டேன். "பன்னீரும் தண்ணிதான்."

அவர் செம்பை நிமிர்த்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்.

ஆடிக்காற்று தணிவதற்குள் கிளை நுனிகளில் ஊசிபோலச் சுருண்ட குருத்துகள் வந்துவிட்டன. முதலில் கண்டது காவல்கார ஐயா. மனேஜர் அதைப் படம் எடுத்துத் தன் போனில் முகப்பாகப் போட்டார். பிளாஸ்ரிக் மரம் ஸ்ரோர் அறையில் நிற்கிறது. இன்றுவரை ஓர் இலையும் உதிர்க்கவில்லை. முதலாளி அக்கா கொஞ்சக் காலம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

மரம் துளிர்த்ததால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது துளிர்க்காமல் போயிருந்தாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன். அன்றைக்கு அது உயிரோடு நின்றது. உயிரோடு நிற்கிற ஒன்றை, வாறவர் போறவர் என்ன சொல்வார்களோ என்று பயந்து கிணற்றடிக்குக் கொண்டுபோவது எங்கள் வேலை இல்லை. எங்களை வைத்திருப்பது மரத்தைப் பார்ப்பதற்கு. ஆட்களின் முகத்தைப் பார்க்க அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது அந்த மரம் கண்ணாடிக் கதவை உரசுகிற அளவுக்குத் தழைத்து நிற்கிறது. படம் எடுக்கிற மேடை போட இடம் போதாது என்று மனேஜர் சொல்லத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் போகும்போது நல்ல தேத்தண்ணி தருவார். "பிள்ளையள், உதைக் கொஞ்சம் அங்காலை தள்ளி வைப்பமோ?" என்று அன்பாகத்தான் கேட்பார்.

தேத்தண்ணியைக் குடியுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஏசியின் தகடு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து, சத்தம் போடாமல், அந்த ஒரு சொல்லைச் சொல்லுங்கள்.

ஏலாது.